இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு

ஹேடோ, போர்ட் பிளேர்
24 நவம்பர் 1969

அண்ணனுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான். இன்றைக்கு விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. எல்லாரும் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

நவம்பர் 8ஆம் தேதி நடக்கும் கல்விப் பேரவைக் கூட்டத்துக்குத் தவறாமல் வர வேண்டும் என்று உங்கள் சோழமண்டலப் பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பிய அழைப்பு, நவம்பர் 21ஆம் தேதி வந்து சேர்ந்தது. கூட்டம் முடிந்து பதின்மூன்று நாள். ஆகஸ்டுக் கூட்டத்துக்கும் இதே கதைதான். அப்போது ஐந்து நாள்தான் தாமதம். நல்ல முன்னேற்றம்! எங்கள் தீவுக் கல்லூரிக்கென்று பேரவையில் இருப்பது ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஒரு கூட்டத்தையும் நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அழைப்பின் அடியில் 'உதவிப் பதிவாளர், பேரவைப் பிரிவு' என்று போட்டு என் கூடப்பிறந்த அண்ணன் கையெழுத்து வேறு.

உங்கள் மாப்பிள்ளை துறைமுகத்தில்தானே கப்பல் சாமான் இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறார்? சிமெண்டு மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் தபால் மூட்டை இறங்கியதை அவரே பார்த்தாராம். "உங்கண்ணன் லெட்டர் வெங்காயத்தோட வந்திருக்கு" என்று சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. அழைப்பை அனுப்பிய தேதி அக்டோபர் 17. மறுநாள் 18ஆம் தேதி நீங்கள் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அது விமானத் தபாலில் 25ஆம் தேதியே வந்துவிட்டது. நாலு பக்கம்! அண்ணி முருங்கைக் கிளை நட்டது, பெரியவனுக்கு மூக்குக்கண்ணாடி போட்டது, எதிர்வீட்டுக்காரர் சாக்கடையை நம் பக்கம் திருப்பிவிட்டது, எல்லாம் இருக்கிறது. கூட்டத்தைப் பற்றி ஒரு வரி? கிடையாது. 28ஆம் தேதி இங்கிருந்து சென்னைக்குக் கப்பல் இருந்தது. அதில் ஏறியிருந்தால் கூட்டத்துக்கு வந்திருப்பேன். முருங்கைக்குக் கொடுத்த இடத்தில் பாதி எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் மறக்கிற ஆள் இல்லையே.

மங்கையர்க்கரசி


சிவமயம்
மேலவாசல்
3 டிசம்பர் 1969

அன்புத் தங்கை மங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கமாக உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டுவேன். இதைக் காட்டவில்லை.

மறக்கவில்லை அம்மா. தெரிந்தேதான் எழுதவில்லை. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படி.

கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னதாக அழைப்பு அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. அனுப்பப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது, போய்ச் சேர வேண்டும் என்று இல்லை. அழைப்போடு பொருள் பட்டியலும் இணைப்புகளும் சேர்ந்து முக்கால் கிலோ கனக்கும். அது புக் போஸ்டில்தான் போகும், புக் போஸ்ட் கப்பலில்தான் போகும். உனக்கு மட்டும் விமானத்தில் அனுப்ப அனுமதி கேட்டு நான் குறிப்பு எழுதினேன். 'விமானத் தபால் வெளிநாடுகளுக்கு மட்டும். அந்தமான் உள்நாடு' என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அந்தமான் உள்நாடு இல்லை என்று நான் வாதாட முடியுமா?

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பேரவையில் எண்பத்திரண்டு உறுப்பினர்கள். எண்பத்தொரு பேருக்குத் தபாலில் சொல்லிவிட்டு, ஒருத்திக்கு மட்டும் வீட்டுக் கடிதத்தில் தேதி சொன்னால் அதற்கு என்ன பெயர்? நீ தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வாரமே, 'உதவிப் பதிவாளர் தன் தங்கையை உள்ளே நுழைத்துவிட்டார்' என்று துணைவேந்தருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. உனக்குச் சொல்லவில்லை. துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்து, "என்ன சொக்கலிங்கம்?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கே முடிவு செய்தேன், உனக்கு எழுதும் கடிதத்தில் ஆபீஸ் சமாசாரம் ஒரு சொல் வராது என்று. அதனால்தான் முருங்கை.

அழைப்பை விமானத் தபாலில் அனுப்பக் கோரிப் பதிவாளருக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பு. ஒரு நாள்கூட என் மேசையில் தங்காமல் மேலே அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

சொக்கலிங்கம்


ஹேடோ
12 ஜனவரி 1970

அண்ணனுக்கு,

முறைப்படி விண்ணப்பம் அனுப்பினேன். முறைப்படி பதிலும் வந்துவிட்டது. உறுப்பினர் விவரப் படிவத்தில் 'அருகிலுள்ள ரயில் நிலையம்' என்ற இடத்தை நான் காலியாக விட்டிருக்கிறேனாம். அதை நிரப்பி அனுப்பினால் என் கோரிக்கை பரிசீலிக்கப்படுமாம். நிரப்பிவிட்டேன். 'சென்னை சென்ட்ரல், நடுவில் கடல்.' இதற்கு என்ன பதில் வரப்போகிறதோ, பார்க்கிறேன்.

மெயின்லேண்டில் எனக்குத் தெரிந்த இன்னொரு உறுப்பினருக்கும் எழுதினேன், அடுத்த கூட்டத் தேதி தெரிந்தவுடன் ஒரு தந்தி கொடுங்கள் என்று. 'உங்கள் அண்ணனே அந்தப் பிரிவில் இருக்கும்போது உங்களுக்கு நான் தந்தி கொடுப்பதா, நல்ல வேடிக்கை!' என்று பதில் எழுதியிருக்கிறார். ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் எனக்கு எல்லாம் சொல்கிறீர்கள் என்று. கெட்ட பெயர் ஏற்கெனவே கிடைத்தாகிவிட்டது. காரியமாவது நடக்கட்டுமே அண்ணா!

பகடி போதும். விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் தொடங்கி இரண்டாவது வருஷம் நடக்கிறது. மூன்றாம் வருஷம் நடத்தப் பேரவை அனுமதி தர வேண்டும். எங்கள் மனு அடுத்த கூட்டத்தில் வரும் என்று பிரின்சிபால் சொல்கிறார். அனுமதி கிடைக்காவிட்டால் பதினாலு பேரும் கடைசி வருஷத்தை மெயின்லேண்டில் போய்ப் படிக்க வேண்டும். இரண்டு பேர் போவார்கள். மற்றவர்கள் அத்தோடு படிப்பை விட்டுவிடுவார்கள். இதில் கிளாரா என்று ஒரு பெண். அவள் அப்பா கஸ்பார் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், இங்கே டிங்கி போட்டு மீன் பிடிக்கிறார். போன பரீட்சையில் உங்கள் பல்கலைக்கழகம் முழுவதிலும் விலங்கியலில் மூன்றாவது மார்க் அவளுடையது. அந்த மார்க்கு லிஸ்டு உங்கள் ஆபீசில்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் இருந்தே ஆக வேண்டும். நீங்கள் தேதி சொல்ல மாட்டீர்கள், சரி. ஒரு யோசனை சொல்கிறேன். அழைப்பு புறப்பட்டதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதில் எங்காவது 'மழை' என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம். நான் அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறேன். மழை என்று எழுதுவதற்கு எந்த விதியில் தடை இருக்கிறது?

மங்கை


சிவமயம்
மேலவாசல்
20 ஜனவரி 1970

அன்புத் தங்கைக்கு,

தேதியை எழுதுவதும் தேதிக்குப் பதிலாக வேறொரு சொல்லை எழுதுவதும் ஒன்றுதான். சொல்லப் போனால் இரண்டாவதுதான் மோசம். முதலாவது சலுகை, இரண்டாவது சலுகையோடு கள்ளத்தனம். இனிமேல் இங்கே வானம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி உனக்கு எழுதப்போவதில்லை. நீயும் கேட்காதே. குடை பற்றியும் எழுத மாட்டேன்.

அந்தப் பெண்ணின் மார்க்கைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நல்ல மார்க்.

நான் இந்த ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம். என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. ஜூனில் துணைப் பதிவாளர் பதவிக்குப் பட்டியல் போடுகிறார்கள், முதல் பெயர் என்னுடையது என்கிறார்கள். அதற்காகப் பயந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் நினைத்துக்கொள்.

விமானத் தபாலுக்கு மறுபடியும் குறிப்பு எழுதியிருக்கிறேன். அது நிதிப் பிரிவில் இருக்கிறது.

சொக்கலிங்கம்


ஹேடோ, போர்ட் பிளேர்
9 மார்ச் 1970

உதவிப் பதிவாளர் அவர்களுக்கு,

ஐயா,

பிப்ரவரி 14 கூட்டத்துக்கான தங்கள் அழைப்பு பிப்ரவரி 26ஆம் தேதி கிடைத்தது. இன்று காலை அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் வந்தது. இது மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்ததோ தெரியவில்லை.

பொருள் எண் 41ஐத் தாங்களும் படித்திருப்பீர்கள். தாங்கள் எழுதியதுதானே. 'மேற்படி கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்குக் கடல்வாழ் உயிரினங்கள் கிடைக்கும் வசதி உள்ளதா என்பது தெளிவாகத் தெரியாததாலும், விளக்கம் அளிக்க அக்கல்லூரியின் உறுப்பினர் வராததாலும், மூன்றாம் ஆண்டுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது.'

கடல்வாழ் உயிரினம் கிடைக்குமா என்று சந்தேகமாம்! ஐயா, இது தீவு. நாலு பக்கமும் கடல். நான் ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் கடல். கஸ்பார் வாரத்துக்கு இரண்டு தடவை வலையில் மாட்டிய கடல் அட்டை, நட்சத்திர மீன், பெயர் தெரியாத பூச்சி எல்லாவற்றையும் வாளியில் கொண்டுவந்து என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போகிறார், போதும் என்றாலும் விடுவதில்லை. உங்கள் மேலவாசலில் இருப்பவர்கள் பார்மலின் பாட்டிலில் பார்த்த பிராணிகளை இங்கே பிள்ளைகள் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்துக்குத்தான் மூன்று மாதமாக உங்களிடம் கெஞ்சினேன்.

பதினாலு பேரிடமும் நானேதான் சொன்னேன். சாயங்காலம் கஸ்பார் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, பரீட்சை முடிஞ்சா ஆகே என்ன, பொறவு என்னன்னு கேட்டேன், மெயின்லேண்டு போகணும்ங்கா மவ. நா எங்க அனுப்புவேன்? அங்க நமக்கு வீடா, வாசலா? அந்த மீட்டிங்குல நீங்க மெம்பருன்னு சொன்னாவளே, நீங்க ஒண்ணும் பேசலியா?"

நான் போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். என் அண்ணன் எனக்குத் தேதி சொல்லவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கப்பல் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். "கப்பலு நம்ம கையிலயா இருக்கு, விடுங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருக்கலாம்.

கிளாரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பந்த் ஆயிடுச்சா டீச்சர், மூடிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அச்சா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த அறுவைத் தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

இனி எனக்கு வீட்டுக் கடிதம் எழுத வேண்டாம். முருங்கை காய்த்தாலும் சரி, பட்டுப்போனாலும் சரி.

தங்கள் உண்மையுள்ள,
ப. மங்கையர்க்கரசி
உறுப்பினர், கல்விப் பேரவை


மேலவாசல்
18 மார்ச் 1970

மங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். பொருள் 41 வரும்போது மணி நாலரை. பாதிப் பேருக்கு ஐந்து மணி ரயில். ஒருவர், "போர்ட் பிளேர் லட்சத்தீவில்தானே இருக்கிறது?" என்று கேட்டார். இன்னொருவர், "எங்கே இருந்தால் என்ன, முடித்துவிடுங்கள்" என்றார். துணைவேந்தர் என் பக்கம் திரும்பி, "அந்தக் கல்லூரி உறுப்பினர் வந்திருக்கிறாரா?" என்றார். "வரவில்லை" என்றேன்.

அலுவலர்கள் பின்வரிசையில் உட்கார வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். உன் கல்லூரிக் கோப்பு என் மடியில்தான் இருந்தது. நீ எழுதி அனுப்பிய கடல் பிராணிகள் பட்டியலை அதில் வைத்துத் தைத்தவனே நான்தான். ஒருவராவது கேட்பார்கள் என்று பக்கத்தைப் பிரித்து விரலை வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினர் பதவியை இழப்பார் என்பது விதி. உன்னை நீக்குவதற்கான குறிப்பை ஏப்ரல் முதல் வாரம் நான் எழுத வேண்டும். வேறு யாரிடமாவது எழுதச் சொல்லியிருக்கலாம். என் வேலையை இன்னொருவன் தலையில் கட்டுவது சரியில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணி எடுத்துப் படித்துவிட்டாள். மூன்று நாளாக என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

சொக்கலிங்கம்


மேலவாசல்
6 ஏப்ரல் 1970

மங்கைக்கு,

ஆபீஸ் சமாசாரத்தை உனக்கு எழுதுவது தவறு. தெரிந்தே எழுதுகிறேன். வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை.

உன் நீக்கக் குறிப்பை எழுத வருகைப் பதிவேட்டை எடுத்தேன். ஆகஸ்டு, உன் பெயருக்கு நேரே காலி. நவம்பர், காலி. பிப்ரவரி 14, உன் பெயருக்கு நேரே கையெழுத்து இருக்கிறது.

என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். உன் பெயருக்கு மேல் வரிசை, இங்கே ஒரு கல்லூரியின் பிரின்சிபால் பாலசுப்பிரமணியம். காலையில் தன் வரிசையில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். காபிக்குப் பிறகு, தாமதமாக வந்தவர்களுக்காகப் பதிவேட்டை மறுபடி சுற்றுக்கு விட்டோம். மனுஷன் யாரோடோ பேசிக்கொண்டே காலியாகக் கிடந்த அடுத்த வரிசையிலும் போட்டுவிட்டார். அதே பச்சை மை, அதே கடைசிச் சுழி.

இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பாய். கேள். இருபத்தைந்து பேர் இருந்தால்தான் பேரவைக் கூட்டம் செல்லும். நாங்கள் தலையை எண்ணுவதில்லை, கையெழுத்தைத்தான் எண்ணுவோம். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்குப் பதிவேட்டில் சரியாக இருபத்தைந்து கையெழுத்து. 'இருபத்தைந்து பேர், கூட்டம் நடத்தலாம்' என்று சீட்டு எழுதித் துணைவேந்தரிடம் நீட்டியவன் நான். உள்ளே இருந்ததோ இருபத்துநான்கு பேர். நீ வரவில்லை என்று என் வாயால் சொன்னேன், வந்தாய் என்று என் கையால் எண்ணியிருக்கிறேன். அச்சடித்த நடவடிக்கைக் குறிப்பிலும் அப்படியே இருக்கிறது. மேலே இருபத்தைந்து என்ற எண், கீழே இருபத்துநான்கு பெயர். எண்பத்திரண்டு பேருக்கு அனுப்பினோம். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நீயும்தான்.

பதிவேட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் நீ வந்ததாக ஆகும். உன் பதவி தப்பும், ஆனால் அனுமதி மறுத்த 41ஆம் தீர்மானமும் தப்பிவிடும். நான் கண்டும் காணாமல் 'வரவில்லை' என்று குறிப்பு எழுதினால் ஒருவரும் பதிவேட்டைத் திறக்கப் போவதில்லை. நீ போவாய், தீர்மானம் நிற்கும், நான் ஜூனில் துணைப் பதிவாளர். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால் கூட்டமே செல்லாது. அன்றைக்கு நிறைவேறிய அறுபது தீர்மானமும் குப்பைக்குப் போகும். உன் மூன்றாவது 'வரவில்லை'யும் போகும். பொய்ச் சீட்டு எழுதினவன் என்று என் பெயர் கோப்பில் ஏறும்.

மூன்று நாளாகப் பதிவேட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உன்னிடம் யோசனை கேட்கவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சொக்கலிங்கம்


ஹேடோ
13 ஏப்ரல் 1970

அண்ணா,

சும்மா இருங்கள். காலில் விழுந்து கேட்கிறேன், பேசாமல் இருங்கள்.

பேசாமல் இரு என்று நான் உங்களுக்கு எழுதுவேன் என்று நினைத்தீர்களா? நானே நினைக்கவில்லை. நாலு மாதமாக உங்கள் விதிப் புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். இப்போது நீங்களே உங்களைக் கொளுத்திக்கொள்ளக் கிளம்பினால் நானே ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷம்! அப்பா போன பிறகு உங்கள் முதல் சம்பளத்தில்தானே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்கள்? ஜூனில் பதவி உயர்வு. பெரியவன் காலேஜ் போக வேண்டும். யாரோ ஒரு பிரின்சிபால் பேச்சு சுவாரசியத்தில் கிறுக்கினதற்கு நீங்களா பலி? அந்த நாசமாய்ப் போன கையெழுத்து அங்கேயே கிடக்கட்டும். என்னை நீக்கிக் குறிப்பு எழுதிவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

15 ஏப்ரல்

மேலே இருப்பதை எழுதித் தபாலில் சேர்க்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இன்று கிளாரா வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆள் எடுக்கிறார்களாம், நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமாம். எழுதினேன். 'நல்ல மாணவி' என்று எழுதும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடாமல் நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணா, செய்யாதீர்கள் என்று இந்தக் கடிதத்தை முடிக்க என்னால் முடியவில்லை. செய்யுங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. மேலே எழுதியதைக் கிழிக்கவும் மனசில்லை, அதுவும் நிஜம்தான். என்ன எழவு பல்கலைக்கழகம் இது, கூடப்பிறந்தவரையும் சொந்தப் பிள்ளை மாதிரி படிக்க வைத்த பெண்ணையும் தராசில் வைத்து நிறுக்கச் சொல்கிறது!

அண்ணியோடு பேச்சு வந்துவிட்டதா?

மங்கை


சிவமயம்
மேலவாசல்
25 மே 1970

அன்புத் தங்கை மங்கைக்கு,

உன் கடிதம் ஏப்ரல் 22ஆம் தேதி வந்தது. நான் 16ஆம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே அந்தக் கடிதத்துக்காக நீ வருத்தப்பட ஒன்றும் இல்லை. அதை இரண்டு தடவை படித்தேன். உன் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். பேச்சு வந்துவிட்டது.

நான் கொடுத்த குறிப்பு அரைப் பக்கம். பதிவாளர் படித்துவிட்டு, "இது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்படியானால் ஏன் எழுதுகிறீர்கள்?" என்றார். உனக்குச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, "என் தங்கைக்குத் தெரியும்" என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஒரு மாதம் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. பிரின்சிபால் பாலசுப்பிரமணியம் அது தன் கையெழுத்தே இல்லை என்றார். பிறகு இருக்கலாம் என்றார். கடைசியில் பேனா தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். துணைவேந்தர் சட்ட ஆலோசகரைக் கேட்டார். பிப்ரவரிக் கூட்டம் செல்லாது என்று உத்தரவாகிவிட்டது. அறுபது பொருளையும் புதிதாக எடுக்க வேண்டும், உன் 41ஆம் பொருள் உட்பட. தொடர்ந்து மூன்று கூட்டம் என்ற கணக்கு உனக்கு இப்போது இரண்டோடு நிற்கிறது. நீ இன்னும் உறுப்பினர்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதினேன். துணைப் பதிவாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். தங்கைக்காகத்தான் செய்தான் என்று வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள். எந்தப் பேச்சுக்குப் பயந்து உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேனோ, அதே பேச்சு வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பயமாக இல்லை. உன்னிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இவ்வளவு அழுதிருக்க வேண்டியதில்லை.

மே 18 முதல் என்னைப் பேரவைப் பிரிவிலிருந்து எடுத்துக் கட்டடம், தோட்டப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். குழாய், நாற்காலி, குரோட்டன்ஸ் செடி, இவைதான் என் பொறுப்பு. இன்று காலை எனக்கு ஓர் உத்தரவு வந்தது. கல்விப் பேரவைக் கூட்டத்துக்காக அரங்கத்தில் நாற்காலி போட வேண்டும், குடிதண்ணீர் வைக்க வேண்டும் என்று. கூட்டத் தேதியை உறுப்பினருக்குத் தனியாகத் தெரிவிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பேரவைப் பிரிவுக்குத்தான். நாற்காலி போடுகிறவன் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மூன்று விதிப் புத்தகத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 13, சனிக்கிழமை, காலை பத்தரை மணி.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஜூன் முதல் வாரக் கப்பலில் இடம் பிடி. கிளாராவின் சான்றிதழில் இன்னும் கையெழுத்துப் போடவில்லையென்றால் போடாதே. கூட்டத்தில் நிதானமாகப் பேசு, கோபம் வந்தால் உனக்கு வார்த்தை முந்திக்கொள்ளும். உள்ளே வந்து கேட்க எனக்கு இப்போது அனுமதி இல்லை. வெளியே செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு கூட்டத் தேதியை வீட்டுக் கடிதத்தில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாக இருந்தால் இன்னொரு முறை எழுதுகிறேன், சரியாகப் பார்த்துக்கொள்: ஜூன் 13.

சொக்கலிங்கம்